மெமரி ஃபுல் என்றால் எது ஃபுல்?

"இதுல 512 மெமரி இருக்கு" என்று கடையில் லேப்டாப்பைக் காட்டுகிறார்கள். "போன்ல மெமரி ஃபுல்" என்று வீட்டில் சொல்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது சேமிப்பிடத்தை. கம்ப்யூட்டர்காரர்கள் மெமரி என்று சொன்னால் அது ரேம். இந்த ஒரு சொல் குழம்புவதால்தான், ஹார்டு டிஸ்க்கை மாற்ற வேண்டியவர் ரேமுக்குப் பணம் கொடுத்துவிட்டு, "இன்னும் ஸ்லோவாத்தானே இருக்கு" என்று வந்து நிற்கிறார்.

வேர்டில் ஒரு கடிதம் அடிக்கிறீர்கள். சேவ் செய்யும்வரை அது இருப்பது ரேமில். கரண்ட் போனால் ரேமில் உள்ளது அழிந்துவிடும். சேவ் கொடுத்ததும் ஹார்டு டிஸ்க்கிலோ, அதற்குப் பதிலாக வரும் சிப் வகைச் சேமிப்பான எஸ்எஸ்டியிலோ எழுதப்படுகிறது. அது கரண்ட் போனாலும் இருக்கும். எந்த புரோகிராமைத் திறந்தாலும் அது டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு ஏறிய பிறகுதான் பிராசஸர் அதைத் தொடும். ரேம் போதாவிட்டால் விண்டோஸ் கொஞ்சத்தை டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைலுக்குத் தள்ளிவிட்டுச் சமாளிக்கும். "8+8 ஜிபி ரேம்" என்று போன் விளம்பரங்களில் வரும் இரண்டாவது 8-ம் இப்படி சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியதே. அதை நம்பி போன் வாங்காதீர்கள்.

லேப்டாப் மெதுவாக ஓடுகிறதா? பணம் செலவழிக்கும் முன் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள். மெமரி 50-60 சதவீதம், டிஸ்க் மட்டும் 100-இலேயே நிற்கிறது என்றால் ரேம் போட்டுப் பயனில்லை. ஹார்டு டிஸ்க்தான் திணறுகிறது. மெமரி 90-ஐத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் 100 என்றால் பேஜ்ஃபைல் வேலை செய்கிறது, ரேம் பற்றவில்லை.

டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும்போதே வேகம் நொடிக்கு 1 எம்பிகூட இல்லாமல் இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டுக்கு மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. ஒவ்வோர் இடத்துக்கும் போய்ச்சேர சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். நொடிக்கு ஏறக்குறைய 100 இடம். ஒவ்வொன்றிலும் 4 கேபி படித்தால் மொத்தமே 400 கேபி. பெரிய படத்தை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது 100 எம்பிக்கு மேல் தரும் அதே டிஸ்க், விண்டோஸ் பூட் ஆகும்போது சிறு சிறு ஃபைல்களைத் தேடி அலைவதால்தான் இப்படி மாட்டிக்கொள்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. பழைய லேப்டாப்புக்குச் செய்யக்கூடிய மிக நல்ல செலவு, ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் சாதாரண எஸ்எஸ்டி ஒன்று போடுவதுதான். நொடிக்கு 3,500 எம்பி தரும் என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு வசதி பழைய போர்டில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சாட்டாவின் 550-ஏ பெரிய மாற்றம்.

எம்.2 வகை எஸ்எஸ்டி வாங்கும்போது மட்டும் கவனம். சிறிய பட்டை போன்ற அதே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. என்விஎம்இக்கு மட்டுமான ஸ்லாட்டில் சாட்டா எம்.2 பொருந்தி உட்காரும், ஆனால் பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பில்) தெரியாது. பட்டையின் முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. 2280 என்ற எண், 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம் என்பதைச் சொல்கிறது.

ரேம் வாங்குவதற்கு முன் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ஃபார்ம் ஃபேக்டருக்கு எதிரே 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது, கழற்ற முடியாது. டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள்; டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது. வெட்டு இருக்கும் இடமே வேறு. வேகம் வேறான இரண்டைச் சேர்த்தால் இரண்டும் குறைந்த வேகத்திலேயே ஓடும். ஒரே 16-ஐ விட இரண்டு 8 நல்லது, ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே உள்ள இரண்டு பாதையும் (சேனல்) சேர்ந்து வேலை செய்யும். 32-பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

மாட்டும்போது சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். ரேமைச் சாய்வாக, தங்க நிறக் கோடுகள் ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்கும். ஆன் செய்தும் திரை கறுப்பாகவே இருந்தால் பெரும்பாலும் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எடுத்து மறுபடி மாட்டுங்கள். டிடிஆர்5 என்றால் முதல் முறை சில நிமிடம்கூட ஆகலாம், பதறி ஆஃப் செய்யாதீர்கள். அடிக்கடி நீலத்திரை வந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓடவிடுங்கள்.

புது 500 ஜிபி எஸ்எஸ்டி விண்டோஸில் 465 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, தயாரிப்பவர் 1000-ஆல் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல்.

பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புது எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் (குளோன்) முன், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சளாகக் காட்டினால் முதலில் போட்டோ, டாக்குமெண்ட்களை வேறிடத்துக்கு எடுத்துவிடுங்கள். முழு டிஸ்க்கையும் படிக்கவைக்கும் குளோனின் நடுவிலேயே அது நின்றுபோகலாம். எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகும் வெளியே ஒரு காப்பி கட்டாயம் வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் தவறி டெலீட் செய்ததை ரெக்கவரி சாஃப்ட்வேர் பல நேரம் மீட்டுவிடும். எஸ்எஸ்டியிலோ, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் போய்விட்டால், ட்ரிம் கட்டளை அந்த இடத்தைக் காலி என்று சொல்லிவிடுகிறது; அதன்பின் திரும்பக் கிடைப்பது அரிது.