அந்த 530 ரேண்ட்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கேசினோவில் போக்கர் டீலராக, சீட்டு பிரித்துக் கொடுப்பவனாக இருக்கிறேன். அப்பா காலத்தில் இங்கிருந்து ஆடப் போகிறவர்கள் அன்று தனி நாடு என்று சொல்லப்பட்ட டிரான்ஸ்கையின் எல்லையைத் தாண்டி வைல்டு கோஸ்ட் சன் கேசினோவுக்குப் போவார்கள். கேசினோக்களுக்கு நாடு முழுக்க வழிவிட்ட சட்டம் 1996இல்தான் வந்தது.

டீலர் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. பார்க்கத் தடையில்லை. நான் அதிகம் பார்த்தது, கையில் வரும் சின்ன ஜோடியை, ஒரே சின்ன எண்ணில் இரண்டு சீட்டை, நம்பிப் போகிற பணத்தைத்தான். லீவில் வேறு ஊரில் ஆடும்போது நானும் அப்படித்தான் விட்டேன். ஒரு ராத்திரி இரண்டு தடவை செட் விழுந்தது (ஜோடிக்கு அதே எண்ணில் மூன்றாவது சீட்டு நடுவில் வந்தது), இரண்டிலும் ஜெயித்தேன். அப்படியும் கை நஷ்டத்தோடுதான் எழுந்தேன். ஏன் என்று அன்று புரியவில்லை.

புரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை, வேலையில். பிளைண்டு, அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டவேண்டிய பணம், 10, 20 ரேண்ட். முன்னால் 500 ரேண்ட் மட்டும் வைத்திருந்தவர் பந்தயத்தை 80க்கு ஏற்றினார். கடைசியில் பேசுகிற 'பட்டன்' இடத்தில் இருந்த, சாட்ஸ்வொர்த் பகுதி அங்கிள் 80 கட்டினார். மற்றவர்கள் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார்கள். ஃப்ளாப்பில், நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ஆட்டீன் ராஜா, கிளாவர் ஒன்பது, டைமண்ட் ஐந்து. ஏற்றியவர் மீதி முழுவதையும் நடுவில் தள்ளினார். அங்கிள் உடனே சரி என்றார்.

தள்ளியதை எண்ணுவது என் வேலை. நூறு ரேண்ட் சிப் நாலு, பத்து ரேண்ட் சிப் இரண்டு. கேமராவுக்குத் தெரிகிற மாதிரி மேஜைத் துணியில் பரப்பினேன்: 420. ஏற்றியவரிடம் ஏஸும் ராஜாவும், அங்கிளிடம் இரண்டு ஐந்து. அடுத்த இரண்டு சீட்டிலும் எதுவும் மாறவில்லை. மேஜையே கைதட்டியது.

நடுவில் சேர்ந்த பணத்தை அங்கிள் பக்கம் தள்ளும்போதே மனசுக்குள் கணக்கு ஓடியது. எதிராளியின் 500, பிளைண்டு 30. அங்கிளுக்கு வந்த லாபம் 530, அதிலும் எங்கள் ரேக், அதாவது கேசினோ எடுக்கும் பங்கு, போகும். ஜோடி ஃப்ளாப்பில் செட் ஆவது சுமார் எட்டரைக்கு ஒரு தடவை. ஒரு ஜெயத்துக்கு ஏழரை தோல்வி, ஒவ்வொன்றும் 80: மொத்தம் 600. எதிராளி கடைசி சிப் வரை கொடுத்தும் கணக்கு கட்டவில்லை. இதைவிட நன்றாக அந்தக் கை முடிந்திருக்கவே முடியாது!

இடைவேளையில் அங்கிள் கேட்டார், "என்ன தம்பி, நல்லா ஆடினேனா?"

"நல்லா விழுந்துச்சு அங்கிள்" என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியாதது இன்றைக்கும் உறுத்துகிறது. நல்ல மனுஷர்.

ஒரே பூவில் அடுத்தடுத்த எண், இஸ்பேட் ஆறும் ஏழும் மாதிரி, இன்னும் ஆசை காட்டும். ஃப்ளாப்பிலேயே ஃப்ளஷ், ஒரே பூவில் ஐந்து சீட்டு, முழுதாக விழுவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்பதுக்கு ஒரு தடவை நாலு சீட்டு சேரும், ஐந்தாவதுக்கு மறுபடியும் காசு கட்டவேண்டும். அப்போது மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுகிற இடம் வேண்டும். முதலில் பேசவேண்டிய இருக்கையில் எனக்கு அப்படிச் சீட்டு வந்தால் கீழே போட்டு விலகிவிடுவேன்.

இப்போதெல்லாம் லீவில் ஆட உட்கார்ந்தால், சீட்டின் ஓரத்தைத் தூக்குவதற்கு முன் மேஜையைச் சுற்றி எல்லோருடைய சிப்பையும் எண்ணிவிடுகிறேன். ஏற்றுகிறவரிடமும் என்னிடமும் 2,000 இருந்தால், இரண்டு ஐந்து உள்ள ஜோடிக்கு 80 கொடுப்பேன். அவரிடம் 500 என்றால், அந்த இரண்டு சீட்டையும் டீலர் பக்கம் தள்ளிவிடுவேன்.