மாவு பாக்கெட்டில் தொடங்கிய எக்செல் வகுப்பு

பிளஸ் ஒன் காமர்ஸ் பிள்ளைகளிடம் "உங்க வீட்ல யாராவது தொழில் பண்றாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு கை எழாது. "யார் வீட்ல எதையாவது விக்கிறீங்க?" என்று மாற்றிக் கேட்டால் பாதி வகுப்பு கை தூக்கும். இட்லி மாவு, பூ, முறுக்கு, பால், நைட்டி, கீரை. அம்மா விடிகாலையில் எழுந்து செய்வது தொழில் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. வணிகவியல் புத்தகத்தில் தனியாள் வணிகம் என்று ஒரு பாடமே இருக்கிறது, நன்றாக ஒப்பிப்பார்கள், ஆனால் அது வேறு யாரையோ பற்றியது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போய் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன். வியாபாரம், மேற்படிப்பு, கம்ப்யூட்டர் மூன்றையும் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதல் வருடம் மூன்றையும் தனித்தனியாகத்தான் எடுத்தேன். பள்ளியின் கம்ப்யூட்டர் அறையான ஹைடெக் லேபில் உட்காரவைத்து எக்செல்லில் ஐந்து மாணவர்களின் கற்பனை மார்க்கை அடிக்கச் சொல்லி, கூட்டல் போடக் கற்றுக்கொடுத்தேன். அடித்தார்கள், கூட்டினார்கள், அடுத்த வாரம் வந்தபோது எல்லாம் மறந்திருந்தது. யாருடைய மார்க்கோ, அவர்கள் ஏன் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

அப்புறம்தான் முறையை மாற்றினேன். வீட்டுக் கணக்கை எழுதிக்கொண்டு வாருங்கள், அதைத்தான் அடிக்கப் போகிறோம் என்றேன்.

மாவு விற்கும் வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு நாள் கணக்கை நோட்டில் எழுதி வந்தாள். இட்லி அரிசி 4 கிலோ 180 ரூபாய், உளுந்து ஒரு கிலோ 130, வெந்தயமும் உப்பும் 10, கரண்ட் 15, கவர் 12. மொத்தம் 347. அரைத்தால் சுமார் 12 கிலோ மாவு, கிலோ 40 ரூபாய். "480ல 347 போனா 133 லாபம்க்கா" என்றாள். பன்னிரண்டும் தினமும் விற்றுவிடுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு கிலோ எப்படியும் மிஞ்சும், அதை நாங்களே தோசை ஊற்றிக்கொள்வோம் என்றாள். சரி, அப்படியென்றால் 440 என்று போடு. லாபம் 93 ஆனது. அந்த எண்ணைப் பார்த்து அவள் முகம் மாறியது. அடுத்து ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன்: அம்மாவின் நேரம். ஊறவைப்பது, கழுவுவது, அரைப்பது, கவரில் கட்டுவது, கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். சமக்குறி போட்டு 93ஐ மூன்றரையால் வகுக்கச் சொன்னேன். 26.57 என்று வந்தது.

"ஒரு மணி நேரத்துக்கு 27 ரூபா கூட இல்லையாக்கா?"

அவள் குரலில் இருந்தது வருத்தம் மட்டுமில்லை, கோபமும்தான். அந்தக் கோபத்தோடு எக்செல்லைத் தொட்ட பிள்ளைக்கு ஃபார்முலாவை நான் இரண்டாம் முறை சொல்லவேண்டி வரவில்லை. விலையை ஏற்றலாமா என்று கேட்டாள், பக்கத்துத் தெருவில் 40க்குத்தான் விற்கிறார்கள் என்று பதிலையும் அவளே சொன்னாள். இன்னொரு பையன்தான், எங்க வீட்டுல ஒரு கிலோ வாங்குனா பாதி புளிச்சுப்போகுது, அரைக் கிலோவா இருந்தா நல்லா இருக்கும் என்றான். அரைக் கிலோ 25 ரூபாய் என்று போட்டுப் பார்த்தாள். 24 பாக்கெட்டில் 22 விற்றால் 550. கவர் செலவு 12 கூடி மொத்தச் செலவு 359. மிச்சம் 191, மணிக்கு 54 ரூபாய்க்கு மேல். ஓர் எண்ணை மாற்றினால் கீழே உள்ள எல்லாம் தானாக மாறுவதைப் பார்த்துவிட்டு அவள் 22ஐ 20 ஆக்கினாள், 18 ஆக்கினாள், எந்த இடத்தில் பழைய லாபத்துக்கே வந்து நிற்கிறது என்று தேடிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தும் எழவில்லை.

மூன்று வகுப்பும் ஒரே வகுப்புதான் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

மேற்படிப்பு விஷயத்திலும் இதே கதைதான். கனவு காணுங்கள், உயர்ந்த லட்சியம் வையுங்கள் என்று பேச நிறைய பேர் வருகிறார்கள், பிள்ளைகளும் கைதட்டுகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியது தேதியும் சான்றிதழும் கட்டணமும். நான் பிளஸ் டூ முடித்தபோது ஆடிட்டர் ஆவதற்கு சிஏ என்று ஒரு படிப்பு இருப்பதையும், அதில் அப்போதே சேரலாம் என்பதையும் சொல்ல ஆள் இல்லை. பி.காம் கடைசி வருடத்தில்தான் தெரிந்தது, அதற்குள் வீட்டில் சம்பளம் தேவைப்பட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் பிளஸ் ஒன்னிலேயே போர்டில் எழுதிப்போடுகிறேன்: சிஏவின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன், நான்கு தாள், 400 மதிப்பெண், ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, மொத்தத்தில் பாதி. 2024லிருந்து வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடமாக இருந்தது, 2023இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாகக் குறைந்தது. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை அதை இப்போதே தெரிந்துகொண்டால் இரண்டு வருடம் தயாராக நேரம் கிடைக்கும்.

இன்னொன்றையும் பத்தாம் வகுப்பு பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதில் நல்ல மார்க் வந்ததும் சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்டு, கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் அந்த ஒரு முடிவில் இதைக் கைவிட்டுவிடுகிறார்கள். மாற்றுவதும் மாற்றாததும் அவர்கள் விருப்பம், ஆனால் தெரிந்து முடிவெடுக்கட்டும். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தால் பள்ளியில் வழிகாட்டுதல் பற்றிய பேச்சாவது நடக்கிறது, அது நல்லது. ஆனால் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் சாதிச் சான்றிதழ் எங்கே, வருமானச் சான்றிதழ் எப்போது வாங்கியது, உங்கள் வீட்டில் நீதான் முதல் பட்டதாரியா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இதையும் எக்செல்லில்தான் போடவைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு ஷீட்: படிப்பு, விண்ணப்பிக்கும் மாதம், கட்டணம், என்ன சான்றிதழ், கையில் இருக்கிறதா இல்லையா.

கம்ப்யூட்டர் என்றால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். போனில் வீடியோ வெட்டி ஒட்டுவதில் என்னைவிட வேகம். ஆனால் ஃபைலைச் சேவ் பண்ணினால் அது எங்கே போனது என்று தெரியாது, ஏனென்றால் போனில் அதைத் தேடவேண்டிய தேவையே வந்ததில்லை. இமெயில் ஐடி இருக்கும், பாஸ்வேர்டு இருக்காது. கவுன்சிலிங் விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் போடுவார்கள், அவசரத்தில் அந்தக் கடைக்காரர் நம்பரையே கொடுத்துவிட்டு வருவார்கள். அப்புறம் ஓடிபியும் அங்கே போகும், எந்தத் தேதிக்குள் கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டும் என்ற செய்தியும் அங்கே போகும். போன வருடம் ஒரு பையன் ஒரு சுற்றை இப்படித்தான் தவறவிட்டான். இப்போது ஜூன் மாதமே, ஆளுக்கு ஓர் இமெயில் ஐடி, பாஸ்வேர்டை எழுதி வீட்டில் பத்திரமாக வைக்க ஒரு நோட்டு, தன் கையால் நிரப்பிய ஒரு மாதிரி விண்ணப்பம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மற்றது.

அந்த மாவு வீட்டுப் பெண் இந்தச் சனிக்கிழமை வந்து ஒரு சந்தேகம் கேட்டாள். "அக்கா, கிரைண்டர் பழசாகுறதையும் செலவுல சேக்கணும் இல்ல? தேய்மானம் பாடத்துல வருதே." என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்றேன். ஆறாயிரமாம், ஐந்து வருடம் உழைக்கும் என்று அம்மா சொன்னாராம். ஒவ்வொரு வருடமும் ஒரே தொகையைக் கழிக்கும் நேர்கோட்டு முறையில் போட்டாள், வருடத்துக்கு 1,200, மாதத்துக்கு 100, ஒரு நாளைக்கு மூன்று ரூபாய் சொச்சம். கவருக்குக் கீழே புதிதாக ஒரு வரியைச் சேர்த்து, கிரைண்டர் என்று தமிழில் அடித்து, எதிரே 3.33 என்று போட்டாள்.