செவ்வாய்க்கிழமை கிண்டிக்குப் போகாதீர்கள்

எங்கள் ஊர் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பெரியவன் என் தோளைத் தட்டி, "மெட்ராஸ்ல இதைவிடக் கூட்டமா இருக்குமாம்மா?" என்று கேட்டான். அரையாண்டு லீவில் கூட்டிப் போகிறேன், நீயே பார்த்துக்கொள் என்று அப்போதே வாக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்கு ஒன்பது வயது, பாப்பாவுக்கு ஐந்து. சங்கரன்கோவிலைத் தாண்டி அவர்கள் பார்த்த பெரிய ஊர் மதுரைதான். அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தது.

சென்னையில் பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் தந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் பத்து நாள் போதாது. எங்களுக்கு இருந்ததோ ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள். அதனால் ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், தெம்பிருந்தால் சாயங்காலம் ஒரு சின்ன இடம், அவ்வளவுதான் என்று நானும் அவரும் முடிவு செய்துகொண்டோம். பிள்ளைகள் ஓரிடத்தில் நின்று பார்த்தால் அவர்களுக்குப் போதும் என்கிறவரை நிற்கட்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். ஊர் திரும்பிய பிறகு யோசித்தால், பயணத்தில் நாங்கள் செய்த நல்ல காரியமே அதுதான் என்று தோன்றுகிறது.

பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கினோம். முன்பதிவு செய்திருந்த விடுதியில் காலையிலேயே அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். போய் நின்றால் பன்னிரண்டு மணிக்குத்தான் என்றார்கள். ராத்திரி ரயிலில் வந்த பிள்ளைகளோடு வரவேற்பறையில் நிற்பது பெரிய அவஸ்தை. ராத்திரி ரயிலில் வருபவர்கள் அறை கிடைக்கும் நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பையை அங்கேயே வைத்துவிட்டு, முகம் கழுவி, இட்லி சாப்பிட்டு, நேராக பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டோம். ஸ்டேஷனிலிருந்து பக்கம்தான். வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை.

சிலையும் கல்வெட்டும் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் முதல் கேள்வியே வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்தில்தான் வந்தது. திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீஸ்வரர் அங்கே நிற்கிறார். ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். பெரியவன் பார்த்ததும், "அம்மா, நம்ம ஊரு சாமி!" என்றான். எங்கள் ஊர் சங்கரநாராயணர் பாதி சிவன், பாதி பெருமாள். அந்தச் சந்நிதியில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு, பாதிப் பாதியாகச் சாமி நிற்பது புதிதில்லை. இது சிவனும் அம்பாளும் என்று சொன்னேன். இரண்டு தோளும் ஏன் ஒரே மாதிரி இல்லை, இடுப்பு ஏன் ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்று அவனே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் விலங்கியல் பகுதிக்குப் போனோம். அங்கே திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. பெரியவன் விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். பாப்பா அந்த அளவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பு எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து தன் கையை மேலே தூக்கி, விரல்களை விரித்து, அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "அம்மா, இந்த மீனுக்குக் கை இருக்கு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துடுப்பு என்று வெளியிலிருந்து பார்க்கிறோமே, உள்ளே அது வரிசை வரிசையாக விரல் எலும்புதான். அதன் மூதாதைகள் ஒரு காலத்தில் தரையில் நாலு காலால் நடந்தவை. திமிங்கிலம் மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். ஆனால் அதற்குச் சாட்சியை ஐந்து வயதுக் குழந்தை தானாகவே பார்த்துவிட்டது. அந்த எலும்புக்கூட்டின் கீழே நாற்பது நிமிடம் இருந்தோம். பின்னால் வந்த குடும்பங்கள் செல்பி எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. அவசரப்படாமல் நின்றால்தான் இப்படி ஒரு கேள்வி வருகிறது.

இந்த அருங்காட்சியகம் தொடங்கியது 1851-ல். முதலில் பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபோர் ஒரு டாக்டர். 1855-ல் இந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்ட ஆரம்பித்தார். அந்த மிருகக்காட்சிசாலைதான் இடம் மாறி மாறி, 1985-ல் வண்டலூருக்குப் போனது. இதைச் சொன்னதும், "அப்போ புலி இங்கேயா இருந்துச்சு?" என்று பெரியவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். வண்டலூருக்கு நாங்கள் போகவில்லை. நாள் முழுக்க நடக்க வேண்டிய இடம் அது. பாப்பாவின் காலுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்.

மதியம் அறை கிடைத்து, குளித்துத் தூங்கி எழுந்து, மூன்று மணிக்கு மேல் மெரினா. எழும்பூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல், அங்கே மாறி அரசினர் தோட்டம், பிறகு ஆட்டோ. நேராக ஆட்டோவிலேயே போயிருக்கலாம். ஆனால் சுரங்கத்தில் ரயில் வரும்போது முதலில் காற்று வந்து முகத்தில் அடிக்குமே, அதை இரண்டு பேரும் அனுபவிக்கட்டும் என்றுதான் அப்படிப் போனோம். சென்ட்ரலில் ரயில் மாற நின்றபோது பாப்பா கண்ணை மூடிக்கொண்டு காற்றுக்காகக் காத்திருந்தாள்.

இருட்டுவதற்கு முன்பே கலங்கரை விளக்கத்தில் ஏறிவிடுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், மதியமும் இடைவேளை உண்டு. ஒன்பதாவது மாடிவரை லிஃப்ட் போகிறது, மிச்சம் படி. கலங்கரை விளக்கம் என்றால் உருண்டையாக இருக்கும் என்று பெரியவன் படம் பார்த்து வைத்திருந்தான். இது முக்கோணம். அதற்காகவே ஒரு சுற்றுச் சுற்றி வந்து மூலைகளை எண்ணினான். 1977-க்கு முன்னால் ஹைகோர்ட் கட்டடத்தின் கோபுரத்தில்தான் விளக்கு எரிந்தது என்று அவன் அப்பா சொன்னதும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மேலேயிருந்து பார்த்தபோதுதான் அந்த மணற்பரப்பு எவ்வளவு அகலம் என்று எனக்கே புரிந்தது.

அந்த அகலத்தைக் குழந்தைகளோடு போகிறவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சாலையிலிருந்து தண்ணீருக்கு நடந்து போவதற்குள் சின்னப் பிள்ளைகள் சோர்ந்துவிடும், திரும்பும்போது நிச்சயம் தூக்கச் சொல்லும். பாத்ரூம் வேலையையெல்லாம் முடித்துவிட்டுப் போங்கள். தண்ணீரில் கால் நனைப்பதோடு சரி. மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது, அலை உள்ளே இழுக்கும். பாப்பாவின் கையை நான் ஒரு நொடிகூட விடவில்லை. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் சூடாக ஆளுக்கு ஒரு பொட்டலம், ராட்டினம் ஒரு சுற்று, பலூன் சுடுவது பெரியவனுக்கு மட்டும். அதோடு அன்றைய நாள் முடிந்தது.

திங்கட்கிழமை தட்சிணசித்ரா. திருவான்மியூரில் பஸ் ஏறி ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாக முட்டுக்காடு. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், 1996-லிருந்து இருக்கிறது. ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதிரி ஊர்க்காரப் பிள்ளைகளுக்குத் திண்ணையும் முற்றமும் அம்மியும் அதிசயமில்லை. "ஆச்சி வீட்லயும் இருக்கே" என்று பாப்பா ஓடிவிட்டாள். கேரள மரவீடுகளில்தான் நின்றாள், சுவரே பலகையாக இருக்கிறதே என்று தட்டித் தட்டிப் பார்த்தாள். நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த இடம் இன்னும் அதிகமாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குப் பொழுது போனது குயவர் சக்கரத்தில். பிள்ளைகளையே மண் பிடிக்க விடுகிறார்கள். பாப்பா செய்தது அகல் மாதிரியும் இல்லை, கிண்ணம் மாதிரியும் இல்லை, ஒரு பக்கம் சரிந்து உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அதில் அத்தனை பெருமை. ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்து, இப்போது பூஜை அலமாரியில் வைத்திருக்கிறாள். நானும் எடுக்கவில்லை.

தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை என்பதால்தான் அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றி, கிண்டியைச் செவ்வாய்க்குத் தள்ளினோம். அந்த மாற்றத்தில் கிண்டியின் விடுமுறை நாளைப் பார்க்க விட்டுப்போனது. சிறுவர் பூங்கா வாசலில் போய் இறங்கினால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்துப் பாம்புப் பண்ணையும் பூட்டு. காவலாளி அண்ணன், "செவ்வாய்க்கிழமை ரெண்டுமே லீவும்மா" என்றார். வெளிமானும் புள்ளிமானும் நல்லபாம்பும் பார்க்கப்போகிறோம் என்று இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஆசை. பாப்பா நடைபாதையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியவன் அழவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்தாண்ட அண்ணா லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பசங்களுக்குன்னு தனி மாடியே இருக்கு" என்றதும் அந்த அண்ணன்தான். காந்தி மண்டபத்தைத் தாண்டித் திரும்பினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஆட்டோவில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 2010-ல் திறந்தது. உறுப்பினராக இல்லாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். முதல் மாடியில் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி. நடுவில் செயற்கையாக ஒரு மரம் செய்து வைத்திருக்கிறார்கள். நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் அவர்கள் உயரத்துக்கு.

பாப்பா அழுத முகத்தோடுதான் நுழைந்தாள். ஒரு யானைப் படப் புத்தகத்தை எடுத்து வந்து என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தடியில் போய் உட்கார்ந்து, எழுத்து முழுசாகத் தெரியாத அவள், நான் படித்த ஏற்ற இறக்கத்தோடு அப்படியே மரத்துக்குப் படித்துக் காட்டினாள். விரல் மட்டும் வரிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. பெரியவனை ஒரு மணி நேரம் காணோம். தேடினால் பாம்புகள் பற்றிய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்திருக்கிறான். பாம்புப் பண்ணையை 1972-ல் கிண்டிக்குக் கொண்டுவந்த ரோமுலஸ் விட்டேக்கர்தான் 1976-ல் ஈசிஆர் முதலைப் பண்ணையையும் ஆரம்பித்தவர் என்று அவனுக்குச் சொல்லி வைத்தேன்.

எங்கள் ஊரில் நூலகம் இருக்கிறது, நல்ல நூலகம்தான். ஆனால் ஒரு குழந்தை தரையில் படுத்துப் படிக்க, சத்தமாகப் படிக்க, யாரும் "உஷ்" சொல்லாத ஒரு இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்தது. இப்படி ஒன்று ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும்.

மூன்று மணி நேரம் கழித்துப் பசி வந்தபிறகுதான் கிளம்பினார்கள். அதே சாலையில் பிர்லா கோளரங்கம், 1988-லிருந்து இருக்கிறது. தமிழ்க் காட்சி எப்போது என்று முதலில் கேட்டுக்கொண்டு டிக்கெட் எடுங்கள். ஆங்கிலக் காட்சியில் மாட்டினால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். விளக்கு அணைந்ததும் பாப்பா என் மடியில் ஏறினாள். வானம் தெரிந்ததும் இறங்கிவிட்டாள்.

திரும்பும்போது கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில். சில ரூபாயில் இவ்வளவு வேடிக்கை வேறு எங்கும் கிடைக்காது. ஏறினவுடனே அடையாறு ஆற்றின் மேல் போகிறது. பிறகு மொட்டைமாடிகள், காயும் துணிகள், பக்கத்திலேயே பக்கிங்காம் கால்வாய். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மைதானம் ஜன்னலை ஒட்டி வந்ததும் பெரியவன் எழுந்தே நின்றுவிட்டான். மதியத்துக்கு மேல் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள், ஜன்னலோரம் கிடைக்கும். பார்க் டவுனில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர்.

ஊர் வந்த மறுநாள் ராத்திரி பெரியவன் தாத்தாவை மொட்டைமாடிக்கு இழுத்துப் போய், கிழக்கே வரிசையாக இருந்த மூன்று நட்சத்திரங்களைக் காட்டினான். கோளரங்கத்தில் சொன்ன ஓரியன் நட்சத்திரக் கூட்டம். சென்னையில் நிஜ வானத்தில் அதைத் தேடி அவனுக்குக் கிடைக்கவில்லை, இங்கே பளிச்சென்று இருந்தது. பாப்பா நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. தாத்தாவின் விரல்களைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு திமிங்கிலத்தின் கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த லீவுக்குப் பாம்புப் பண்ணையும் முதலைப் பண்ணையும் பாக்கி. அடுப்படி காலண்டரில் பெரியவனே எழுதி வைத்திருக்கிறான்: திங்கள் முதலை லீவு, செவ்வாய் பாம்பு லீவு.