இரண்டு பாட்டிகளும் ஒரு பூசணிக்காயும்

நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்த நிலையில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையும், மெதடிஸ்ட் சபையும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1908-இல் இணைந்து உருவாக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. பேராயர்களை (பிஷப்புகளை) ஏற்ற மரபும் ஏற்காத மரபும் உடன்பட, இணைப்பைப் பற்றிப் பேசிய 1919 தரங்கம்பாடிக் கூட்டம் தொடங்கி இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயிற்று. அவசரப்பட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது!

எங்கள் ஆலயத்தில் அப்பாவின் அம்மா முழங்காற்படியிட்டுத்தான் ஜெபிப்பார். மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்த அம்மாவின் அம்மா, உட்கார்ந்தபடியே தலையைக் கவிழ்த்துக்கொள்வார். திருவிருந்துக்கு இருவரும் சேர்ந்தே எழுந்து போவார்கள். ஆனால் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில், காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில், ஒரு பூசணிக்காய்க்காக இருவரும் விட்டுக்கொடுக்காமல் விலையை ஏற்றிக்கொண்டே போனபோது, ஏலம் விட்ட எங்கள் சபைப் போதகரே சிரித்துவிட்டார்.