புது மைக்குத்தான் கூடுதல் கவனம்

நவீனச் சீன எழுத்தணிக் (தூரிகையால் எழுதும் அழகெழுத்துக் கலை) கண்காட்சியை அமைக்க வருபவர்கள் முதலில் விட்டொழிக்க வேண்டியது, 'புதுசுதானே, ஒன்றும் ஆகாது' என்ற நினைப்பை. நானூறு வருஷப் பழைய தொங்குசுருள் பலமுறை விரிந்து சுருண்டிருக்கும். தாங்கலுக்காகப் பின்னால் ஒட்டும் பின்தாளை உரித்து மறுபடி ஒட்டியும் இருப்பார்கள். அது தன் குணத்தையெல்லாம் காட்டி முடித்த பொருள். போன வருஷம் எழுதிய தாளின் மையும் பசையும், கலைஞர் தன் பெயர் முத்திரையைப் பதிக்கும் முத்திரைச் சிவப்பும் இன்னும் நிலைகொண்டிருக்காது. எங்கள் வேலையில் சேதம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

எழுதும் தாள் ஷுவான் காகிதம். ஆன்ஹுவி மாகாணத்தின் ஜிங் வட்டாரத்தில் சிங்டான் மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. அதைச் செய்யும் முறையை யுனெஸ்கோ 2009இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதில் எதுவும் பூசாத பச்சைத்தாள் மையை உடனே உறிஞ்சிப் பரவவிடும். படிகாரமும் வஜ்ஜிரமும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) பூசிய தாளில் மை மேலேயே நிற்கும். இன்றைய கலைஞர்கள் பலருக்கும் அந்தப் பரவல்தான் வேண்டும், ஆகவே பச்சைத்தாள். 'நாலு சி' ('சி' என்பது சீன அடி) எனப்படும் வழக்கமான அளவு 69 செ.மீ.க்கு 138 செ.மீ. அடர்ந்த கோடு விழுந்த இடம் இறுகி, சுற்றிலும் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தை நீவிச் சரிசெய்ய யாரையும் விடக்கூடாது. பின்தாள் ஒட்டும்போது அது தானே படியும்.

மை என்பது புகைக்கரியும் வஜ்ஜிரமும். கரியைத் தாளில் பிடித்து வைப்பது வஜ்ஜிரம்தான். புட்டி மையில் நிறையத் தண்ணீர் கலந்து சாம்பல் நிறக் கோடுகள் எழுதினால் பிடிமானம் குறைந்துவிடும். அதை ஈரப்பசையில் ஒட்டினால் கரி கிளம்பி வெள்ளை இடமெல்லாம் அழுக்காகும். அப்புறம் அதைத் திருத்த வழியே கிடையாது. எனவே ஒட்டுவதற்கு முன் கண்ணில் படாத ஒரு கோட்டின் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்க்க வேண்டும். பஞ்சு கறுத்தால் மேலும் சில மாதம் காத்திருக்கலாம். அவசரமென்றால் தாளைத் துணியில் சுருட்டி ஆவியில் வைப்பது சீனத்துப் பழைய முறை. வஜ்ஜிரம் இளகி நாருக்குள் இறங்கும். ஆனால் மூடியிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் போச்சு.

பசைக்குக் கோதுமை மாவைப் பிசைந்து கழுவிப் பசையத்தை (குளூட்டன்) நீக்கிவிட்டு, மிஞ்சும் மாச்சத்தை மட்டும் காய்ச்ச வேண்டும். எவ்வளவு நீர்க்க இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கெட்டிப் பசை போட்டால் சுருள் விறைத்து, அரங்கில் இரு ஓரமும் முன்பக்கம் வளையும். தாளைச் சுற்றி ஒட்டும் பட்டுக்கரையும் தாளும் ஒரே அளவில் சுருங்காததும் இதற்கு ஒரு காரணம். ஒட்டியதைப் பலகையிலோ சுவரிலோ விறைப்பாக விட்டு உலர்த்துவார்கள். நல்ல கைவினைஞர் ஈரக் காலமும் வறண்ட காலமும் ஒருமுறையாவது கடக்கட்டும் என்பார். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு அவரை அவசரப்படுத்துவது தப்பு.

முத்திரைச் சிவப்பு சாதிலிங்கமும் எண்ணெயும் மாசிப்பத்திரி நாரும் சேர்ந்தது. காய வாரக்கணக்காகும். காயாமல் சுருட்டினால் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு முத்திரை பதிந்திருக்கும். அதன்மேல் மெல்லிய மெழுகுத்தாள் துண்டொன்றை வைத்துச் சுருட்ட வேண்டும்.

அரங்கில் 50 லக்ஸ் ஒளி, 50 முதல் 55 சதவீத ஈரப்பதம். அளவைவிட ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. இரவில் குளிர்சாதனத்தை நிறுத்தும் கட்டடங்களில் காலையில் சுருள்கள் அலையலையாக நிற்கும். கரிமை ஒளியில் வெளுக்காது என்பது உண்மை. தாள் மஞ்சளாகும், சாயப்பட்டு வெளுக்கும், புதியவர்கள் சேர்க்கும் வண்ணங்களும் வெளுக்கும். பெரிய கறுப்புப் பரப்புக்கு முன் சாதாரணக் கண்ணாடி வைத்தால் பார்ப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். பிரதிபலிப்புக் குறைந்த கண்ணாடி செலவுதான். ஆனால் இந்தச் செலவில் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மாட்டும் திசைக்கு வருவோம். வாசிப்பு வலமிருந்து இடம். இரண்டு வரிகளை இரண்டு சுருளில் எழுதி ஜோடியாக மாட்டும் இணைவரிச் சுருள்களில் முதல் வரி பார்ப்பவரின் வலக்கைப் பக்கம். சீனம் வாசிக்கத் தெரியாத குழு இதை மாற்றி மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. நுழைவாயில் இடப்பக்கம் இருந்தால் வருபவர் எல்லாவற்றையும் முடிவிலிருந்தே பார்ப்பார்; வரைபடக் கட்டத்திலேயே வாயிலை மாற்றிவிட வேண்டும். 1985இல் பெய்ஜிங்கில் நடந்த நவீன எழுத்தணிக் கண்காட்சிக்குப் பிறகு, கூ கான் போன்ற கலைஞர்களின் படைப்புகளில் எழுத்து ஓவியமாகவே கரைந்தது. அவற்றில் மேல் எது, கீழ் எது என்று ஐயம் வந்தால் முத்திரைக்குள் இருக்கும் எழுத்தைப் பார்த்து முடிவுசெய்யலாம். வேகமாகத் தொடுத்து எழுதும் கிறுக்கெழுத்து வடிவைச் சீனர்களிலேயே பலரால் படிக்க முடியாது. ஆகவே பெயர்ப்பலகையில் வாசகத்தை அச்செழுத்தில் தர வேண்டும். கலைஞர் ஷூ பிங்கின் 'வானிலிருந்து ஒரு நூல்' மட்டும் விலக்கு. 1988இல் பெய்ஜிங்கில் முதலில் காட்டிய அந்தப் படைப்பில் அவரே கற்பித்துச் செதுக்கிய ஏறத்தாழ 4,000 எழுத்துகள். ஒன்றுக்கும் பொருள் கிடையாது. அங்கே வாசகம் தேடி நிற்பவரிடம் இதைச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

வாங் தோங்லிங் போன்றவர்கள் தரையில் தாள் விரித்து அதன்மேல் நின்று எழுதும் பெரிய படைப்புகளில் சில, பின்தாள் ஒட்டாமலே அரங்குக்கு வரும். அவற்றுக்கு ஆணியோ ஒட்டுநாடாவோ கூடாது. சுவரில் இரும்புப் பட்டை, முன்னால் சிறு காந்தங்கள், காந்தத்துக்கும் தாளுக்கும் நடுவே அமிலமற்ற அட்டைத் துண்டு. மேல்விளிம்பில் மட்டும் பிடித்துக் கீழ்விளிம்பைத் தொங்கவிட்டால், தாள் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும். நான்கு பக்கமும் பிடித்தால் ஈரப்பதம் இறங்கிய முதல் நாளே கிழியும். குளிர்சாதனத்தின் காற்று நேரே படுகிற சுவரை இதற்கு ஒதுக்கக்கூடாது.

மூன்று மாதத்துக்கு மேல் எதையும் தொங்கவிடாமல் இருப்பதே முறை. இறக்கும் அன்று முன்பக்கத் தூசியை மென்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டி, அடிக்கட்டையைத் தளர்வாகச் சுற்ற வேண்டும். கனத்த மைப்பரப்பு உள்ளவற்றைப் பருத்த உருளையில் சுற்றாவிட்டால் மை மடிப்பில் விரிசல் விடும்.