ஃபிரீபிஎஸ்டியில் யூஎஸ்பி விசைப்பலகை: சிங்கிள் யூசரில் சோதித்தீர்களா?

லினக்ஸைப் போன்ற இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டி நிறுவிய கணினியில் யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகியதும் அது வேலை செய்வதுதான் இன்றைய வழக்கம். அத்தளத்தோடு வரும் ஜெனரிக் கெர்னலுக்குள்ளேயே (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி) யூஎஸ்பி விசைப்பலகைக்கான ‘யூகேபிடி’ என்னும் இயக்கி (டிரைவர்) சேர்ந்திருப்பதால், பெரும்பாலோர் அப்படியொரு பெயர் இருப்பதையே அறியாமல் காலம் தள்ளிவிடலாம். தேவையற்றவற்றை நீக்கித் தம் கெர்னலைத் தாமே தொகுத்துக்கொள்பவர்களுக்குத்தான் இதில் வேலை வருகிறது.

நெல்லை வண்ணார்பேட்டையில் அச்சகம் நடத்தும் அண்ணாச்சி ஒருவரிடம், வடிவமைப்புக் கோப்புகளைச் சேமித்து வைப்பதற்கென்றே ஒரு பழைய கணினி இருக்கிறது. பழைய வட்டச் செருகி கொண்ட பிஎஸ்/2 விசைப்பலகை இருக்கும்போது யூஎஸ்பி விசைப்பலகைக்கான இயக்கி எதற்கு என்று, அதை அமைத்துக் கொடுத்தவர் கெர்னல் அமைப்புக் கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டிருந்தார். அந்தப் பழைய விசைப்பலகை பழுதானதும் அண்ணாச்சி ஜங்ஷன் பக்கத்துக் கடையொன்றில் யூஎஸ்பி விசைப்பலகை வாங்கி வந்தார். “தம்பி, மெனு வார வரைக்கும் நல்லாத்தான் இருக்கு, அதுக்குப் பொறவு எந்தக் கீயும் எடுக்க மாட்டேங்கு” என்று அவர் சொன்னபோதே காரணம் ஏறக்குறைய விளங்கிவிட்டது.

பூட் மெனு திரையில் இருக்கும் வரை விசைப்பலகையைக் கவனித்துக்கொள்வது, இயங்குதளம் எழுமுன்பே ஓடும் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ். யூஎஸ்பி விசைப்பலகையைப் பழைய பிஎஸ்/2 விசைப்பலகைபோல் பயாஸ் பாவனை செய்து காட்டுவதால், கெர்னலை நினைவகத்தில் ஏற்றும் நிரலான லோடர் அதை எளிதாகப் படித்துவிடுகிறது. கெர்னல் எழுந்ததும் யூஎஸ்பி கட்டுப்படுத்தியைப் பயாஸின் கையிலிருந்து தானே வாங்கிக்கொள்கிறது. அந்த நொடியோடு பாவனையும் முடிந்துவிடுகிறது. அதன்பின் கெர்னலிடம் சொந்த இயக்கி இல்லையென்றால் விசையை எத்தனை முறை அழுத்தினாலும் பயன் கிடையாது. இந்தக் கைமாற்றம் முன்கூட்டியே நடக்கவேண்டுமா என்பதைத் தீர்மானிக்க, ‘யூஎஸ்பி எர்லி டேக்கோவர்’ என்று முடியும் ஒரு லோடர் மாறி உண்டு. அதன் மதிப்பைப் பூச்சியமாக்கிப் பயாஸின் பாவனையைத் தொடரவிடலாம் என்றாலும், யூஎஸ்பி இயக்கிகள் எதையுமே ஏற்றாத கணினிக்குத்தான் அது பொருந்தும். இயக்கியைச் சேர்ப்பதே முறையான வழி என்பது என் கருத்து.

இதில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. 2018 டிசம்பரில் வெளிவந்த 12.0 பதிப்பிலிருந்து ‘டெவ்மேட்ச்’ என்னும் கருவி, செருகப்பட்ட சாதனத்துக்குப் பொருத்தமான கெர்னல் மாட்யூலை (கெர்னலோடு பின்னர் சேர்க்கத்தக்க துண்டு) தேடித் தானாகவே ஏற்றிவிடுகிறது. ஆகவே சுருக்கிய கெர்னலில்கூட, லாகின் கேட்கும் நேரத்துக்குள் விசைப்பலகை உயிர்பெற்றுவிடக்கூடும். மெனுவிலும் வேலை செய்கிறது, லாகினிலும் வேலை செய்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? ஆனால் கோப்பு முறைமைகள் சரிபார்க்கப்பட்டு ஏற்றப்பட்ட பிறகே டெவ்மேட்ச் ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடியும் மழையுமாக மின்சாரம் போய்ப் போய் வரும் எங்கள் ஊரில், மின்தடைக்குப் பின் கணினி எழும்போது கோப்பு முறைமையைக் கையால் சரிபார்க்கச் சொல்லி, பழுதுபார்ப்பதற்கான சிங்கிள் யூசர் நிலையில் நின்றுவிட்டால், எண்டர் விசை மிகவும் தேவைப்படும் அந்த இடத்தில் அதைக் கேட்க இயக்கி இராது.

தீர்வு சிறியது. பூட் அடைவிலுள்ள லோடர்.கான்ஃப் கோப்பில் யூகேபிடி_லோடு="யெஸ்" என்ற வரியை ஆங்கில எழுத்துகளில் சேர்த்தால், கெர்னலோடு சேர்த்தே இயக்கியையும் லோடர் நினைவகத்தில் ஏற்றிவிடும். கெர்னலைத் தொகுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அமைப்புக் கோப்பில் ‘டிவைஸ் யூகேபிடி’ என்ற வரியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். கெர்னல் எழுந்த பின் படிக்கப்படும் ஆர்சி.கான்ஃப் கோப்பின் மாட்யூல் பட்டியலில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுவும் டெவ்மேட்ச் போலக் காலம் தாழ்ந்தே வந்து சேரும்.

ஒரே கணினியில் பிஎஸ்/2, யூஎஸ்பி ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் இருந்தால் குழப்பம் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. ‘கேபிடிமக்ஸ்’ என்னும் மற்றோர் இயக்கி எல்லா விசைப்பலகைகளின் உள்ளீட்டையும் ஒன்றாக்கிக் கன்சோலுக்கு (கட்டளைத் திரைக்கு) கொடுத்துவிடும். ஆனால் கெர்னலைச் சுருக்கியவர் இதையும் நீக்கியிருக்கக்கூடும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

சோதிக்க வேண்டிய இடம் சிங்கிள் யூசர்தான். பூட் மெனுவில் இரண்டாம் எண்ணை அழுத்தினால் அங்கே போய்விடலாம். கேப்ஸ் லாக் விசையை அழுத்தி விளக்கைப் பாருங்கள்: விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் விசைப்பலகை தானாகச் செய்வதன்று, கணினியிலிருந்து கட்டளை வந்தால்தான் நடக்கும். விளக்கு மாறினால் இயக்கி கேட்கிறது என்று பொருள். மாறாவிட்டால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் யூகேபிடி0 என்ற பெயர் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

பெயர் வந்திருந்தும் எழுத்து வராத விசைப்பலகைகளும் உண்டு. யூஎஸ்பி விசைப்பலகைகளுக்கென ‘பூட் புரோட்டோகால்’ என்னும் எளிய முறை ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வோர் அறிக்கையும் 8 பைட்: முதல் பைட்டில் ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை, இரண்டாவது ஒதுக்கப்பட்டது, மிஞ்சிய 6 பைட்டுகளில் ஒரே நேரத்தில் அழுத்தப்பட்டிருக்கும் 6 விசைகளின் எண்கள். தன் முழு அறிக்கை முறையைச் சரியாக விவரிக்காத விசைப்பலகையை இந்த எளிய முறைக்குத் திருப்ப, முறை தவறி நடக்கும் சாதனங்களுக்கான யூஎஸ்பி குவர்க் பட்டியலில் ‘கேபிடி பூட்புரோட்டோ’ என்ற குறியோடு அதன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சேர்க்கலாம். அண்ணாச்சியின் விசைப்பலகைக்கு இது தேவைப்படவில்லை.

13ஆம் பதிப்பிலிருந்து ‘யூஎஸ்பிஹெச்ஐடி’, ‘ஹெச்கேபிடி’ என்ற புதிய இணையும் வந்திருக்கிறது. முன்னதை இயக்கிவிட்டால் விசைப்பலகை யூகேபிடியிடம் போகாமல் அதனிடம் போய்விடும் என்பதால், லோடர்.கான்ஃப் கோப்பில் ஹெச்கேபிடியையும் மறவாமல் ஏற்ற வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கும் இதே தலைவலி வேறு இடத்தில் உண்டு: மறையாக்கம் செய்த வட்டின் கடவுச்சொல்லைக் கேட்கும் நேரத்தில், தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் யூஎஸ்பி கட்டுப்படுத்தியின் மாட்யூலும் யூஎஸ்பிஹெச்ஐடியும் இல்லையென்றால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி கேட்டது, “இதுல தமிழ் அடிக்கலாமா தம்பி?” என்பதே. அடிக்கலாம், ஆனால் அதற்கும் இந்த இயக்கிக்கும் தொடர்பில்லை. ஏ விசையை அழுத்தினால் விசைப்பலகை அனுப்புவது 4 என்ற எண்ணை மட்டுமே. யூகேபிடி அதைப் பழைய பிஎஸ்/2 கணக்கில் 30 ஆக மாற்றிக் கன்சோலுக்குக் கொடுக்கிறது. அது ஏ ஆவதும், தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் அ ஆவதும் மேலே உள்ள மென்பொருளின் பொறுப்பு. அந்தக் கணினியில் வரைகலைத் திரையே நிறுவவில்லை என்பதால், அவருடைய தமிழ்த் தட்டச்சு பக்கத்து மேசைக் கணினியிலேயே தொடர்கிறது.