பிராடென்டன்ல ஒரு மத்தியானம்: பைரட்ஸ் ரசிகர்களும் அவங்க புலம்பலும்

ஃப்ளோரிடா போயிட்டு வந்தோம்னு சொன்னா எல்லாரும் கேக்குறது டிஸ்னி போனீங்களா, கீ வெஸ்ட் போனீங்களான்னுதான். நாங்க போனது பிராடென்டன். டாம்பாவுக்குத் தெக்க, கார்ல ஒரு மணி நேரம், மனாட்டீ ஆத்தங்கரையில இருக்கற அமைதியான ஊரு. ட்ராபிகானா ஜூஸ் கம்பெனி 1947ல பொறந்தது இங்கதான், மத்தபடி வயசானவங்க ரிட்டயர் ஆகி வந்து செட்டில் ஆகற இடம். ஆனா மார்ச் மாசம் மட்டும் பிட்ஸ்பர்க்ல பாதி இங்க வந்து உக்காந்துருது.

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. அமெரிக்காவுல சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிப்ரவரி கடைசிலேர்ந்து மார்ச் முழுக்க ப்ராக்டிஸ் மேட்ச் நடக்கும், ஸ்ப்ரிங் ட்ரெய்னிங்னு சொல்வாங்க. வடக்க குளுரு வெளுத்து வாங்கும்ங்கறதால மொத்தம் இருக்கற 30 டீம்ல 15 ஃப்ளோரிடாவுக்கும் 15 அரிசோனாவுக்கும் வந்துரும். பிட்ஸ்பர்க் பைரட்ஸ் 1969லேர்ந்து பிராடென்டன்லதான். ஜெயிச்சாலும் தோத்தாலும் கணக்குல சேராது, பெரிய பிளேயர்ஸ் ஒன்பது இன்னிங்ஸ்ல நாலஞ்சு ஆடிட்டு கெளம்பிருவாங்க, அப்புறம் முதுகுல 80, 90னு நம்பர் போட்ட சின்னப் பசங்க வருவாங்க. அதனால கிரவுண்ட்ல என்ன நடக்குதுன்னு யாரும் கண்ணு கொட்டாம பாக்கறதில்ல. எல்லாரும் பேசிட்டே இருக்காங்க. எனக்கு அதுதான் புடிச்சது.

2025 மார்ச்ல டாம்பாவுல அக்கா வீட்ல தங்கியிருந்தப்ப மாமாதான் கூட்டிட்டுப் போனார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியாப் போனோம், முந்தின அக்டோபர்ல வந்த மில்டன் புயல் பிச்சுப் போட்ட ட்ராபிகானா ஃபீல்ட் கூரை எலும்பு எலும்பா தெரிஞ்சுது, அது டாம்பா பே ரேஸ்ங்கற பேஸ்பால் டீமோட கிரவுண்டு, பாவம் அந்த வருஷம் முழுக்க அவங்க டாம்பாவுல வேற டீமோட கிரவுண்ட்ல ஆட வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஸ்கைவே பாலம், ரெண்டு பக்கமும் கடல், மாமா ஸ்பீட குறைக்கவே இல்ல. பிராடென்டன்ல கிரவுண்ட சுத்தி இருக்கற வீட்டுக்காரங்க அவங்கவங்க புல்தரையில காரை நிறுத்த விட்டு காசு வாங்குறாங்க, அட்டையில ரேட் எழுதிப் புடிச்சுட்டு நிக்கிறாங்க. நம்ம ஊர் தேர்த்திருவிழா மாதிரியே இருந்துது.

லீகாம் பார்க்னு இப்ப பேரு. 1923ல கட்டின கிரவுண்டு, பழைய ஸ்பானிஷ் தேவாலயம் மாதிரி வெள்ளைச் சுவரு. ராத்திரி மேட்ச்சுக்கு லைட்டே 2008லதான் போட்டாங்களாம்.

எங்களுக்குப் பக்கத்துல ஒரு தாத்தா பாட்டி. தாத்தா 21ஆம் நம்பர் சட்டை, அதாவது பைரட்ஸோட பழைய ஜாம்பவான் ராபர்ட்டோ கிளெமென்ட்டே. முன் வரிசையில ஒரு பையன், இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கும், 30ஆம் நம்பர் சட்டை, பைரட்ஸ் பிட்சர் (நம்ம பௌலர் மாதிரி) பால் ஸ்கீன்ஸோடது. இந்தியான்னு சொன்னதும் தாத்தா உடனே "ரிங்கு! அந்த ஈட்டி எறியுற பசங்க!"ன்னு ஆரம்பிச்சுட்டார். உத்தரப் பிரதேசத்துலேர்ந்து ரிங்கு சிங், தினேஷ் பட்டேல்னு ரெண்டு பேர ஒரு டிவி போட்டி மூலமா புடிச்சு 2008ல கான்ட்ராக்ட் போட்டது இந்த பைரட்ஸ்தான், ட்ரெய்னிங் எடுத்ததும் இதே பிராடென்டன்ல. பாட்டி அவங்க பங்குக்கு, பென் ஹில்ஸ்ல குன்று மேல வெள்ளையா இருக்கற கோயில் தெரியுமான்னு கேட்டாங்க. நம்ம பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலத்தான் சொல்றாங்க! மாமா போயிருக்கார், அவ்வளவுதான், சொந்தக்காரங்க ஆயிட்டோம்.

அப்புறம் பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் 1960க்குப் போயிரும். உலகத் தொடர்ல, அதாவது கோப்பைக்கான ஃபைனல்ல, ஏழு மேட்ச்லயும் சேத்து நியூயார்க் யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பைரட்ஸ் 27. ஆனாலும் கோப்பை பைரட்ஸ்க்கு! கடைசி மேட்ச், 9-9, கடைசி இன்னிங்ஸ், பில் மஸெராஸ்கி அடிச்ச ஹோம் ரன்ல (நம்ம சிக்ஸர் மாதிரி) முடிஞ்சுது. ஆளு பேட்டிங்குக்குப் பேர் போனவரே இல்ல, ஃபீல்டிங்குக்குத்தான். அந்தப் பழைய கிரவுண்ட இடிச்சுட்டாங்க, சுவர்ல ஒரு பகுதி மட்டும் பிட்ஸ்பர்க்ல இன்னும் நிக்குது, வருஷா வருஷம் அக்டோபர் 13 அன்னிக்கு ரசிகர்கள் அங்க கூடி அன்னைக்கு ஒலிபரப்பான ரேடியோ வர்ணனைய மறுபடி போட்டுக் கேப்பாங்க. முடிவு தெரிஞ்ச மேட்ச்ச நாப்பது வருஷமா கேக்கறாங்க, தாத்தாவும் அதுல ஒருத்தர்.

கிளெமென்ட்டே பத்திப் பேசும்போது பாட்டி குரலே மாறிருச்சு. போர்ட்டோ ரிக்கோக்காரர், கருப்பர். 50கள்லயும் 60கள்லயும் டீம் ஸ்ப்ரிங் ட்ரெய்னிங்குக்கு ஃபோர்ட் மையர்ஸ் வந்துட்டிருந்த காலத்துல வெள்ளைக்கார பிளேயர்ஸ் ஓட்டலுக்குள்ள உக்காந்து சாப்பிட, இவரும் மத்த கருப்பு பிளேயர்ஸும் வெளிய பஸ்லயே காத்திருக்கணும். அதே டீம்தான் 1971 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் தடவையா ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லாத ஒன்பது பேர இறக்குச்சு, அந்த வருஷமே கோப்பையும் அடிச்சாங்க. 1972 சீசன்ல அவரோட கடைசி ஹிட்டு சரியா 3,000ஆவது. டிசம்பர் 31 ராத்திரி நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏத்திட்டு அவர் போன விமானம் கடல்ல விழுந்துருச்சு, உடம்பு கிடைக்கவே இல்ல. கூட ஆடின மேனி சங்கியென் நினைவுக் கூட்டத்துக்குப் போகாம கடல்ல குதிச்சுத் தேடிட்டிருந்தாராம். பாட்டி சொல்லி முடிச்சதும் மாமா கொஞ்ச நேரம் பேசல.

பையனோட காலம் வேற. கடைசிக் கோப்பை 1979, அப்ப அவன் பொறக்கவே இல்ல. 1992ல செமிஃபைனல் மாதிரியான தொடர்ல இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தா ஜெயிப்பாங்கங்கற நிலையில தோத்தாங்க, நட்சத்திர பிளேயர் பேரி பாண்ட்ஸ் வேற டீமுக்குப் போயிட்டார், 1993லேர்ந்து 2012 வரைக்கும் வரிசையா 20 சீசன் ஜெயிச்சதவிட தோத்தது அதிகம். இவன் பாத்த ஒரே சந்தோஷம் 2013, சின்சினாட்டி பிட்சர் குவேட்டோ பேர மொத்தக் கூட்டமும் ராகம் போட்டுக் கத்த, மனுஷன் கையிலேர்ந்து பந்து நழுவிக் கீழ விழுந்துது, அடுத்தாப்ல ஒரு ஹோம் ரன். "அந்த பந்து விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு"ன்னு அடிச்சு சொல்றான், நாப்பதாயிரம் பேர் கத்தும்போது எப்படிப்பா கேக்கும், சரி விடுங்க.

சரி வர்ற சீசன் எப்படின்னு மாமா கேட்டார். ரெண்டு பேரும் ஒரே பதில். பிட்சிங் இருக்கு, பேட்டிங் இல்ல. ஸ்கீன்ஸ் 2024ல வந்த மொத வருஷமே சிறந்த புதுமுகம் வாங்கினவர், அவர் பந்து போடுற அன்னிக்கு பைரட்ஸ் உலகத்துலயே பெரிய டீம், மத்த நாள்ல கேக்காதீங்க. ஓனர் காசு செலவு பண்ணலன்னு ரெண்டு பேரும் திட்டினாங்க. ஐபிஎல்ல எல்லா டீமுக்கும் ஏலத்துல ஒரே பர்ஸ், இங்க சம்பளத்துக்கு அப்படி உச்சவரம்பே கிடையாது, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் கொட்டும், பிட்ஸ்பர்க் பாத்துட்டே இருக்கும். கெரிட் கோல்னு ஒரு பிட்சர 2011ல டீம்கள் புதுப் பசங்கள வரிசையா எடுக்கற ட்ராஃப்ட்ல மொத ஆளா எடுத்து வளத்தாங்க, 2018ல ஹூஸ்டனுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க, அப்புறம் யாங்கீஸ் 324 மில்லியன் டாலர் குடுத்துத் தூக்கிட்டுப் போச்சு. பையன் தன் சட்டை நம்பரத் தொட்டுக் காட்டி "2029 சீசன் முடிஞ்சா இவரும் போயிரலாம்"ங்கறான். ஆள் வந்து ஒரு வருஷம்கூட ஆகல, போற தேதிய இப்பவே மனப்பாடமா வெச்சிருக்கான்! தாத்தாவுக்கு அது புரியவே இல்ல, அவர் காலத்துல கிளெமென்ட்டே 18 சீசனும் பிட்ஸ்பர்க்தான். ஆனா அன்னிக்கு பிளேயருக்கு டீம் மாறற உரிமையே கிடையாது, அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

அந்த சீசன் அவங்க சொன்னபடியேதான் போச்சு. மே மாசமே மேனேஜர (நம்ம கோச் மாதிரி) தூக்கிட்டாங்க, 71 ஜெயிச்சு 91 தோத்தாங்க, ஸ்டேடியத்துல "டீம வித்துட்டுப் போ"ன்னு கோஷம் வேற. ஸ்கீன்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்கு சராசரியா 1.97 ரன்தான் குடுத்தார், லீக்லயே சிறந்த பிட்சர் விருது ஒரு ஓட்டு விடாம அவருக்குத்தான், ஆனா அவர் கணக்குல 10 வெற்றி 10 தோல்வி. அவ்வளவு நல்லா போட்டவனுக்கு பத்து தோல்வின்னா பேட்டிங் லட்சணத்த நீங்களே பாத்துக்கோங்க.

நீங்க போறதா இருந்தா தொப்பி, சன்ஸ்க்ரீன் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, பெரும்பாலும் மத்தியான மேட்ச்தான், வெயில் மண்டையப் பொளக்கும். ஸ்கீன்ஸ் போடுறாரான்னு பாத்துட்டு டிக்கெட் எடுங்க, நாங்க போன அன்னிக்கு அவர் இறங்கல. அவர் போடலன்னாலும் பரவால்ல, பக்கத்து சீட்ல 21 நம்பர் சட்டை இருக்கற இடமாப் பாத்து உக்காருங்க.